மூடி வைத்த சாமந்தி

எங்கள் வீட்டுக்காரம்மாவை நான் ஒருநாளும் மதாம் என்று கூப்பிட்டதில்லை. அப்பா கூப்பிடுவார், அம்மா கூப்பிடுவாள், பால் ஊற்ற வருபவரும் கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவரும் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அவர் எதிரே போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். அவரும் பதினோரு வருடமாக என் பெயரைச் சொன்னதில்லை. "இந்தா பொண்ணு" என்பார். அதற்கு இது சரி.

உழவர்கரையில் ஒரு நகரின் கடைசித் தெரு எங்களுடையது. கீழ்த்தளத்தில் அவர், முதல் மாடியில் குடியிருக்கும் நாங்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்த ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சொல்தா வீடு என்பார்கள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கிருந்து பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மே மாதம் வெயில் ஏறியதும் அவர் விமானம் ஏறிவிடுவார், ஆகஸ்டில்தான் திரும்புவார். என் அப்பா மில் மூடியபின் காவலாளி வேலைக்குப் போனவர். அம்மா ஒரு நர்சரிப் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறாள். அவளுக்குக் கையெழுத்து வராது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை.

மொட்டை மாடியில் தெற்குச் சுவரோரம் அவருடைய தொட்டிகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே செம்மண் நிறம், அடியில் தட்டு. வடக்கே தண்ணீர் டேங்க் ஓரமாக என்னுடையவை: பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், உடைந்த குடத்தின் கீழ்ப்பாதி, இரண்டு சிமெண்ட் சாக்கு. அவற்றில் மல்லி, கனகாம்பரம், டிசம்பர் பூ, பன்னீர் ரோஜா, அடுக்கு நந்தியாவட்டை என்று இருபத்துமூன்று செடிகள் நின்றன. எங்கள் வீட்டில் இரண்டே அறை. எனக்கென்று ஒரு மேஜையோ அலமாரியோ கிடையாது. பிளஸ் டூ பரீட்சைக்கும் பி.எஸ்ஸி. தாவரவியல் பரீட்சைகளுக்கும் அந்த வாளிகளுக்கு நடுவில் பாய் போட்டுத்தான் படித்தேன். எனக்கு இடம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

எனக்குப் பதினைந்து வயதானபோது வீட்டுக்காரம்மா ஊருக்குக் கிளம்பும் முன்பு தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்தார். "மேல இருக்கறது நீங்கதான. ரெண்டு வேளை ஊத்து" என்றார். முடியுமா என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அவருடைய தொட்டிகள் என் பொறுப்பு. கத்திரி வெயிலில் தளம் கொதிக்கும். மத்தியானம் தண்ணீர் ஊற்றினால் வேர் வெந்துவிடும் என்று நானாகக் கற்றுக்கொண்டேன். விடியற்காலையில் ஒரு முறை, வெயில் தாழ்ந்தபின் ஒரு முறை. மண் சூடேறாமலிருக்கத் தேங்காய் நார்க்கழிவையும் வேப்பிலையையும் மேலே பரப்புவேன். ஆடிக்காற்றில் சாயாமலிருக்கக் குச்சி நட்டுக் கட்டுவேன். திரும்பி வந்ததும் அவர் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போவார். செத்தது எது என்று மட்டும் கேட்பார். பிறகு ஒரு சாக்லேட் டப்பா மேலே வரும். அதை நான் தொட்டதில்லை. அம்மா தின்பாள்.

அந்தத் தொட்டிகளில் அவருக்கு உயிர் நான்கு மஞ்சள் சாமந்தி. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரில் மற்றவர்கள் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பெரிய மார்க்கெட்டில் வாங்கிய பூவைத் தூவிவிட்டு வருவார்கள். இவருக்கு அது போதாது. பிரான்சில், பூத்த சாமந்தியைத் தொட்டியோடு கொண்டுபோய் வைப்பார்களாம். "உதிரிப் பூ மறுநாளே நாறிப்போயிடும். அது ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள். அந்த நான்கு தொட்டிகளும் நவம்பரில் கல்லறைக்குப் போய், பொங்கல் கழிந்ததும் காய்ந்த பூக்களோடு ஆட்டோவில் திரும்பி வரும். நான் தண்டுகளை மண்மட்டத்துக்கு வெட்டி, அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, நல்லதாகப் பார்த்து மறுபடி நட வேண்டும். "மிச்சத்த குப்பைல போடு" என்பார். நான்கு வருடம் குப்பையில் போட்டேன். ஐந்தாவது வருடம் மிச்சத்தில் நான்கை என் பெயிண்ட் வாளிகளில் நட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்த வருடத்தைப் பற்றித்தான். அப்போது நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் அவர் வந்திறங்கிய மறுநாளே ரோஜா மொட்டுகள் காணாமல் போகின்றன என்று புகார் கிளம்பியது. படியில் நின்று என் அம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா தலையில் என் செடியின் கனகாம்பரம் இருந்தது. ரோஜா இல்லை. ஆனாலும் அம்மா கையை உயர்த்திப் பூவைத் தொட்டு மறைத்தாள். அடுத்த வாரம் ஆட்கள் வந்து மாடியில் ஒரு கேமராவும், கால்பந்து மைதானத்துக்குப் போதுமான ஒரு வெள்ளை விளக்கும் மாட்டினார்கள். மாலை ஆறு மணிக்குத் தானாக எரியும். விடிந்தபின் தானாக அணையும். மூன்று வாரத்தில் அந்தக் கேமராவில் சிக்கியது, மொட்டைக் கடித்துத் துப்பும் ஓர் அணிலும், கொடியில் துணி உலர்த்தும் என் அம்மாவும்தான். அணிலைப் பற்றி எங்களிடம் அவர் சொல்லவில்லை. கேமரா மாட்டிய பையனைக் கேட்டு நான் தெரிந்துகொண்டேன். விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

சாமந்தி இருட்டைப் பார்த்து மொட்டு வைக்கும் செடி. இரவு நீளமாக இருக்க வேண்டும், இடையில் வெளிச்சம் படக் கூடாது. வெளிச்சம் பட்டால் இலை மட்டும் விட்டுக்கொண்டு போகும். இது எங்கள் பாடத்தில் படத்தோடு இருந்தது. புத்தகத்தில் படித்த ஒன்று என் வீட்டு மாடியிலேயே நடக்கப் போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. கீழே போனேன். அவர் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார், அம்மா அவருக்கு மிளகாய் காம்பு கிள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாமந்திக்கு ராத்திரி இருட்டு வேணும். அந்த லைட்டு எரிஞ்சா மொட்டு வைக்காது" என்றேன்.

"யாரு சொன்னா?"

"படிச்சிருக்கேன்."

"பிரான்ஸ்ல தெரு பூரா லைட்டுதான். அங்க பூக்கலயா?" அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, ஒம்பொண்ணுக்கு மாடியில இருட்டு வேணுமாம். எதுக்கு, பறிக்கவா?"

அவர் சிரித்தார். கூடவே அம்மாவும் சிரித்தாள். மிளகாயைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதுபோல. அவர் சிரித்ததை நான் அன்றே மறந்திருப்பேன். அம்மா சிரித்தது இன்னும் உள்ளே இருக்கிறது.

நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "கல்லறைத் திருநாளுக்கு நாலும் பூக்கணும். ஊத்தறது நீ. பூக்கலன்னா ஒன் வாளி ஒண்ணுகூட மேல இருக்கக் கூடாது. ஏற்கெனவே தளத்துல ஓதம் எறங்குது."

தளத்தில் ஓதம் இறங்கியது டேங்க் கசிந்ததால். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் கடைத்தெருவில் மிக்ஸி விற்கும் கடையிலிருந்து நான்கு பெரிய அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்தேன். மாலை ஐந்தேமுக்காலுக்கு என் நான்கு சாமந்தி வாளிகள் மேலும் அவற்றைக் கவிழ்ப்பேன். மழை வந்தால் நனையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் சாக்கு. காலை ஏழு மணிக்கு எடுப்பேன். ஒருநாள் தவறவில்லை. கல்லூரிப் பேருந்து தாமதமானால் நிறுத்தத்திலிருந்து ஓடி வருவேன். தெற்கே அவருடைய நான்கு தொட்டிகள் வெள்ளை வெளிச்சத்தில் நின்றன. அவற்றுக்கும் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினேன், நுனி கிள்ளினேன், அசுவினிப் பூச்சி வந்தபோது வேப்பெண்ணெய் தெளித்தேன். சொன்ன வேலையில் குறை வைக்கவில்லை. மிக்ஸிக் கடையில் இன்னும் நிறையப் பெட்டிகள் இருந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை அம்மா வேலைவிட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு வந்தாள். நான் மூன்றாவது பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குடி இத மூடற?"

"லைட்டுக்கு."

"மதாம் போன்ல தெனம் பாக்கறாங்களாம். ஆறு மணியானா ஒம்பொண்ணு வந்து செடிய மூடுது, எங்கண்ணு பட்டுடும்னா மூடுதுன்னு கேக்கறாங்க. தாலி எறங்கனவ பாத்தா செடி பட்டுப்போயிடுமான்னு கேக்கறாங்கடி. அழுவறாங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் புது மாட்டுக் கன்றையோ, காய்த்த பூசணியையோ, பிறந்த குழந்தையையோ அவர் கண்ணில் படும்படி வைப்பதில்லை. அவர் வரும்போது கல்யாணத்துக்குக் கிளம்புபவர்கள் வாசலுக்குள்ளேயே நின்றுகொள்வார்கள். இவ்வளவு பென்ஷனும் விமானமும் இருந்தும் அது அப்படித்தான். அவர் கேமராவில் பார்த்தது அதைத்தான்: அவருடைய கண்ணுக்கு எதிராக ஒருத்தி தினமும் பெட்டி கவிழ்க்கிறாள்.

"போயி சொல்லு, கண்ணுக்கு இல்ல, லைட்டுக்குன்னு" என்றாள் அம்மா.

"ஒரு தடவ சொன்னேன். நீயும்தான சிரிச்ச."

"சிரிச்சா என்னாடி? அவங்க வூட்டுல இருக்கறோம், சிரிக்காம?"

"ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன்."

"அப்ப அவங்க நாலு தொட்டியையும் சேத்து மூடு. ஒங்கை தேஞ்சா போயிடும்?"

நான் நான்காவது பெட்டியைக் கவிழ்த்தேன். தெற்குப் பக்கம் போகவில்லை. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "படிச்சு என்னா கிழிச்ச" என்று படியில் சொல்வது கேட்டது.

அதை ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கலாம் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். அப்போதும் தெரியும். திருடி என்று சொன்னவர் ஒரு முறையாவது கூப்பிட்டு, என்ன செய்கிறாய் என்று என்னிடமே கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் அம்மாவிடம்தான் கேட்டார். எப்போதும் அம்மாவிடம்தான்.

அக்டோபரில் என் வாளிகளில் மொட்டு வைத்தது. முதலில் மிளகளவு பச்சை, பிறகு நுனியில் மஞ்சள். அவருடைய செடிகள் என்னுடையதைவிட உயரம், இலை கறுத்துச் செழித்திருந்தது, ஒரு மொட்டு இல்லை. முட்டி வலியோடு அவர் இரண்டு நாளுக்கொரு முறை படியேறி வந்தார். மார்க்கெட்டிலிருந்து எருப்பொட்டலம் வந்தது, முட்டை ஓடு வந்தது, மாதா கோவிலிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் அவரே ஊற்றினார். என் பக்கம் பகலில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை வடக்கே காட்டாமல் நடப்பதற்காகத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு போனார். அது என் மேலுள்ள கோபத்தில் அல்ல, தன் கண் என் செடிகளில் படக் கூடாதென்றுதான் என்று எனக்குப் புரிய சில நாளானது.

நவம்பர் முதல் தேதி மழை விட்டிருந்தது. என் நான்கு வாளிகளும் முழுக்கப் பூத்திருந்தன. அவர் வந்து, அன்றுதான் நேராக அவற்றின் முன் நின்றார்.

"இது என் சாமந்தி" என்றார்.

"ஆமா. நீங்க குப்பைல போடச் சொன்னது."

குனிந்து ஒரு பூவின் அடியில் விரலைக் கொடுத்து நிமிர்த்திப் பார்த்தார். நான் தயாராக இருந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது, ஆனால் என்னிடம் கேட்க வேண்டும், அம்மாவிடம் அல்ல. கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனதில் எழுதி வைத்திருந்தேன்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "என் வூட்டுக்காரருக்கு மூடி வெச்ச பூ வேணாம்" என்றார். படியருகே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "புதுவருஷத்துக்குள்ள எல்லாத்தயும் எறக்கிடு."

மறுநாள் காலை பூவில்லாத நான்கு தொட்டிகளை நானும் அப்பாவும் இறக்கி ஆட்டோவில் வைத்தோம். வழியில் பூ வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். "வேணாம்" என்றார் அவர். உதவிக்குக் கூடப் போன அம்மா மத்தியானம் திரும்பிச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக இருக்க, அவர்கள் கல்லறையில் மட்டும் பச்சை இலை. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்களாம். மழை ஜாஸ்தி என்று சொன்னாராம். "தலைக்குத் தலை பதில் சொன்னாங்கடி, மழ மழன்னு" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

என் சாமந்தியை நான் பறிக்கவில்லை. அம்மாவும் வேண்டாமென்றாள். மழையில் தலைகனத்துச் சாய்ந்து, வாளியிலேயே பழுப்பேறியது.

அந்த நவம்பரும் டிசம்பரும் நான் என் மாடியைக் காலி செய்தேன். மல்லிக்குத் தை மாதம் தண்ணீரை நிறுத்தி, இலை உருவிக் கவாத்துச் செய்தால்தான் பங்குனியில் பூக்கும். எடுத்துப்போனவர்களிடம் அதைச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. கூடப் படித்தவள் ஒருத்தி கனகசெட்டிக்குளத்திலிருந்து வருவாள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு பெரிய மல்லியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்புக்காற்றில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஊதாவாகப் பூத்து நின்ற டிசம்பர் பூவை, நன்றாக இருக்கிறதே என்று சொன்ன பக்கத்துத் தெருக்காரர் எடுத்துப்போனார். பன்னீர் ரோஜாவைத் தூக்கும்போது அடி பெயர்ந்து வேர் கிழிந்தது. ஒவ்வொன்றையும் கேமராவுக்கு முன்னால்தான் தூக்கிப் போனேன். வருடம் முடியும்போது எட்டு வாளிகள் மிச்சம்.

புதுவருடத்தன்று அவர் பூசை முடிந்து கல்லறைக்குப் போய்விட்டு ஆட்டோவில் வந்திறங்கினார். மடியில் ஒரு தொட்டி. தொட்டி நிறைய மஞ்சள் சாமந்தி.

நான்கில் இரண்டு மழையில் அழுகிவிட்டனவாம். இரண்டு பூத்திருந்தன. ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு, ஒன்றைத் தெருவுக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தார். கேட்டருகே அம்மா, எதிர்வீட்டுப் பெண், இஸ்திரி வண்டிக்காரர் எல்லாரும் நின்றார்கள்.

"பாத்தியாம்மா, நாம ஊத்துன எருவுக்குப் பூக்கல, அவரு பூக்க வெச்சிட்டாரு. தலமாட்டுலயே பூத்திருக்கு."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

"இந்தா பொண்ணு. ஒம்படிப்புல இது இருக்கா?"

"இருக்கு. கல்லறையில லைட்டு இல்ல" என்றேன்.

இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் "அட" என்றார். அம்மா என் கையைக் கிள்ளினாள், நிஜமாகவே வலித்தது. வீட்டுக்காரம்மா தொட்டியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரிடம், பிடித்து இறக்கச் சொன்னார்.

அன்று மாலை ஆறு மணி தாண்டியும் மாடிப்படியில் வெளிச்சம் விழவில்லை. ஏறிப் பார்த்தேன். விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது, எரியவில்லை. என் எட்டு வாளிகள் இருட்டில் நின்றன. அவற்றை இறக்கச் சொல்லி அன்றும் ஆள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் இல்லை.

இப்போது நான் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதே வீட்டில்தான் இருக்கிறோம். கோடைக்கு அவர் கிளம்பும்போது தண்ணீர்க் குழாய் என் கைக்கு வருகிறது. ஆகஸ்டில் திரும்பிய அன்றே விளக்கை நிறுத்திவிடுகிறார், நவம்பர் மூன்றாம் தேதி மறுபடி போடுகிறார். சாமந்தி நான்கு தொட்டியிலும் சரியாகக் கல்லறைத் திருநாளுக்குப் பூக்கிறது. தன் கணவர் பார்த்துக்கொள்வதாகத் தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார். எதிர்வீட்டுப் பெண் அதை நம்புகிறாள், என் அம்மாவும் நம்புகிறாள். நான் திருத்தப் போவதில்லை. மூடியது அவருடைய கண்ணுக்காக அல்ல என்று நானும் இன்றுவரை சொல்லவில்லை. திருடி என்றதை அவரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பொங்கல் கழிந்து தொட்டிகள் திரும்பி வந்ததும் கன்றுகளைப் பிரிக்க மேலே போவேன். "மிச்சத்த குப்பைல போடு" என்று கீழேயிருந்து குரல் வரும். மிச்சத்தை எடுத்து என் வாளிகளில் நடுவேன், கேமராவுக்கு நேரே உட்கார்ந்து, நிதானமாக.